ஒரே நாளில் இரண்டு குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆறு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. இரண்டு வயது மகளுக்கு எடை ஏறவில்லை, இருமலும் விடவில்லை. குழந்தைகள் நல மருத்துவர் ஆளுக்கொரு சீட்டு எழுதித் தருகிறார். மகனுக்கு ரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன். மகளுக்கு ரத்தம், மலம், நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க் கிருமிக்கான தோல் பரிசோதனையான மாண்டூ. அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்புதான் கிடைக்கும். இரண்டு பேருக்கும் அன்றே முடித்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட நாளைக் கெடுப்பது பெரும்பாலும் எதை முதலில் எடுப்பது என்ற வரிசைதான். முதலில் எங்கே டோக்கன் கிடைக்கிறதோ அங்கே போய் நிற்கிறோம். சிறுநீர் கொடுத்த பிறகு ஸ்கேன் அறையில் "சிறுநீர்ப்பை காலியாக இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். ஊசி குத்தி அழுத குழந்தை ஸ்கேன் படுக்கையில் படுக்க மறுக்கிறது. பதினோரு மணிக்கும் வெறும் வயிறு. குழந்தையின் பசியையும் தூக்கத்தையும் வைத்து நாளை அடுக்கினால் இதில் பாதித் தொல்லை வராது. மேலே சொன்ன இரண்டு குழந்தைகளையே எடுத்துக்காட்டாக வைத்து, எப்படி அடுக்குவது என்று எழுதுகிறேன்.

சீட்டை வாங்கும்போதே கேட்க வேண்டியவை

மருத்துவர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் நேராக இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெறும் வயிறு வேண்டுமா, இப்போது கொடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா.

வெறும் வயிறு என்பது எல்லா ரத்தப் பரிசோதனைக்கும் தேவையில்லை. ஹீமோகுளோபின், முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, டெங்கு போன்றவற்றுக்குக் குழந்தை சாப்பிட்டுவிட்டே வரலாம். உண்ணாமல் எடுக்கும் சர்க்கரை அளவு, மருத்துவர் குறிப்பாகச் சொல்லும் வேறு சில பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு மட்டுமே பட்டினி வேண்டும். வரவேற்பில் இருப்பவர் பழக்கத்தில் "எல்லாவற்றுக்கும் வெறும் வயிறுதான்" என்று சொல்லிவிடுவார். அவர் பேச்சை நம்பி இரண்டு வயதுக் குழந்தையைப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட வேண்டாம். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

காய்ச்சலுக்காகப் பரிசோதனை என்றால், காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும் கையில் இருக்க வேண்டும். டெங்குவில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பிடிபடும், உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனைக்கு ஐந்தாம் நாள் வரை பொறுக்க வேண்டும். ரத்தத்தையோ சிறுநீரையோ கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவதாக இருந்தால், முதல் வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இரும்புச்சத்தைப் பார்க்கும் ஃபெரிட்டின் இதற்கு நேர்மாறு: காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது அது தானாகவே கூடிக் காட்டும். உடம்பில் இரும்பு குறைந்திருந்தாலும் அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். சளி, காய்ச்சல் நின்ற பிறகு எடுக்கலாமா என்று கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்கு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் விதிகள் வேறு, மிகக் கண்டிப்பானவை. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்பது வழக்கமான இடைவெளி. பசும்பாலும் டப்பா பாலும் திட உணவுக் கணக்கில் வரும். "பால் தானே, தண்ணீர் மாதிரிதான்" என்று பாட்டி ஒரு தம்ளர் ஆற்றிக் கொடுத்துவிட்டால் அன்றைய எம்.ஆர்.ஐ. ரத்தாகும். மயக்க நிலையில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே மயக்க மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நேரத்தை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

எந்தக் கிழமை?

மாண்டூ இருந்தால் கிழமை முக்கியம். முன்கைத் தோலுக்குள் சிறிய ஊசியாக மருந்தைச் செலுத்தி, 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் அளக்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழும். உங்கள் ஊரில் ஞாயிறு லேப் திறந்திருக்குமா என்று பாருங்கள். திங்கள், செவ்வாய், புதன் எனில் சிக்கலே இல்லை.

சமீபத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு சில வாரங்களுக்கு மாண்டூ பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும். தடுப்பூசி அட்டையைப் பையில் வைத்திருந்தால் நினைவைத் துழாவ வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், அது சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும், வெளிநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நின்றுவிட வேண்டும். மாதிரி எடுக்கும் கவுன்ட்டர் நண்பகலுக்கு முன்பே மூடிவிடும் இடங்கள் பல. ஒரே வளாகத்தில் எல்லாப் பரிசோதனையும் நடக்கும் என்பது பெரிய வசதி. கட்டிடத்துக்குக் கட்டிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதால் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். தனியார் லேப்பில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் நரம்பைப் பிடிப்பது தனித் திறமை. "சிறு குழந்தைகளுக்கு எடுத்துப் பழகியவரை அனுப்ப முடியுமா?" என்று கேட்டு உறுதி செய்யாமல் வரச் சொல்ல வேண்டாம்.

முதல் நாள் மாலை

நாளின் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும் குழந்தையின் கழுத்துச் சங்கிலி, தாயத்து, வெள்ளி கோத்த அரைஞாண் ஆகியவற்றைத் திருகுக்கும் முடிச்சுக்கும் அவகாசம் இருக்கும் மாலையிலேயே கழற்றிவிடுங்கள். எக்ஸ்ரே அறை வாசலில் அழுகிற குழந்தையின் அரைஞாண் முடிச்சை அவிழ்ப்பது பெரும் பாடு. சாமி கயிற்றைக் கழற்ற வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால், படம் எடுக்கும் இடத்தில் உலோகம் இருந்தால் அது படத்தில் விழும், மறுபடியும் எடுக்க வேண்டி வரும் என்று சொல்லுங்கள்.

வலிப்பு சந்தேகத்துக்காக, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பதாக இருந்தால் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனைகள் ஒட்டாது. இ.இ.ஜி.க்கும், காது கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா பரிசோதனைக்கும் குழந்தை தூங்க வேண்டியிருக்கும். முந்தைய இரவு எவ்வளவு நேரம் விழிக்க வைக்க வேண்டும் என்று கேட்டு, வரும் வழியில் ஆட்டோவில் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

மரப்புக் களிம்பு பற்றி நம் ஊரில் பலரும் கேட்பதே இல்லை. லிக்னோகைனும் பிரிலோகைனும் கலந்த களிம்பை ஊசி குத்தும் இடத்தில் பூசி, மேலே ஒட்டுத்தாள் மூடி, ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துவிடும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவு உண்டு. சிறு கைக்குழந்தைகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள், அவர் காட்டும் இடத்தில் மட்டும் பூசுங்கள். ஒரு கையில் நரம்பு கிடைக்காவிட்டால் மறு கை வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு முழங்கை மடிப்பிலும் பூசலாமா என்று கேட்பது நல்லது. ஊசிப் பயத்தால் மருத்துவமனை வாசலையே வெறுக்கும் குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும்.

பை: இருவரின் சீட்டுகளும் பழைய ரிப்போர்ட்டுகளும் தனித்தனி உறையில். மாற்று உடை, டயப்பர், ஈரத்துணி, தண்ணீர். பரிசோதனை முடிந்ததும் உடனே ஊட்ட இட்லியோ வாழைப்பழமோ. எதற்கும் ஒரு பிடித்த பொம்மை.

குழந்தையிடம் என்ன சொல்வது

உண்மையைச் சொல்லுங்கள். "ஊசியே கிடையாது, சும்மா டாக்டர் மாமாவைப் பார்க்கப் போகிறோம்" என்று அழைத்துப் போய், அங்கே நான்கு பேர் கையைப் பிடித்து அமுக்கினால், அடுத்த முறை காய்ச்சலுக்குக்கூட அந்தக் குழந்தை உங்களை நம்பி வராது. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லலாம்: "கையில் ஒரு முறை குத்துவார்கள். வலிக்கும், சீக்கிரம் போய்விடும். நான் உன்னைப் பிடித்துக்கொண்டே இருப்பேன்." இரண்டு வயதுக்கு அவ்வளவு முன்னால் சொல்லிப் பயனில்லை; அறைக்குள் போவதற்குச் சற்று முன் சொன்னால் போதும்.

சோறு உண்ண மறுக்கும்போது "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. பரிசோதனை நாளன்று அதற்கான விலையைக் குழந்தை கொடுக்கிறது. அந்த மிரட்டலை இன்றே விட்டுவிடுங்கள், தாத்தா பாட்டியையும் விடச் சொல்லுங்கள்.

காலை: மலமும் சிறுநீரும்

மலத்தை டயப்பரிலிருந்து வழித்து எடுக்கக் கூடாது. நீர்ச்சத்தை டயப்பர் உறிஞ்சிவிடும், சிறுநீரும் கலந்திருக்கும். காய்ந்த சுத்தமான கிண்ணத்திலோ விரித்த பிளாஸ்டிக் தாளிலோ போகவைத்து, சுண்டைக்காய் அளவு எடுத்து டப்பாவில் போட்டால் போதும். சளியோ ரத்தமோ தெரிந்தால் அந்தப் பகுதியை எடுங்கள். தண்ணீராகப் போகும் மலம் அரை மணி நேரத்துக்குள் லேப்புக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது.

சிறுநீர் கல்ச்சர் என்றால் இன்னும் கவனம். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்து, பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. கைக்குழந்தைக்கு, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் சில நேரம் சில நிமிடங்களிலேயே சிறுநீர் வந்துவிடும். டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் இருக்கும் கிருமிகள் எளிதில் கலந்துவிடும். அதை நம்பித் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. பிடித்த சிறுநீர் ஒரு மணி நேரத்துக்குள் லேப்புக்குப் போகாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் அல்ல.

மையத்தில் வரிசை

நம் மகனுக்கு ஸ்கேன், சிறுநீர், ரத்தம் மூன்றும் இருக்கிறது. ஸ்கேனுக்கு வயிறு காலியாகவும், சிறுநீரகப் பகுதியையும் பார்க்க வேண்டுமென்றால் சிறுநீர்ப்பை நிரம்பியும் இருக்க வேண்டும். எனவே வீட்டிலிருந்து கிளம்பும்போது தண்ணீர் குடிக்க வைத்து (மருத்துவர் தடுத்திருந்தால் தவிர), முதலில் ஸ்கேன். முடிந்தவுடன் கழிப்பறையில் சிறுநீர் மாதிரி. காத்திருந்த சிறுநீர் அப்போது தானாகவே வரும். அதன் பிறகு ரத்தம். உடனே சாப்பாடு. ரத்தத்தை முதலில் எடுத்தால் குழந்தை அழுது காற்றை விழுங்கும். வயிற்றில் காற்று நிறைந்தால் ஸ்கேனில் படம் தெளியாது, படுக்கவும் ஒத்துழைக்காது.

மகளுக்கு, மலத்தைக் கவுன்ட்டரில் கொடுத்ததும் எக்ஸ்ரே. அது சாப்பிட்ட பிறகும் எடுக்கலாம், ஆனால் ஊசிக்கு முன்பு எடுத்தால் அசையாமல் நிற்பாள். பிறகு ரத்தமும் மாண்டூவும் ஒரே அறையில், ஒரே அழுகையில்.

ஒருவர் அழுவதை மற்றவர் பார்க்கவோ கேட்கவோ கூடாது. மகன் ஸ்கேன் அறையில் இருக்கும்போது மகளை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போக இரண்டாவது ஆள் தேவைப்படுவது இதனால்தான். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், யாராவது ஒருவர். தனியாகத்தான் போக வேண்டும் என்றால், இரண்டு குழந்தைகளையும் ஒரே நாளில் முடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு இரண்டு நாட்களாகப் பிரிப்பதே மேல் என்பது என் கருத்து.

எக்ஸ்ரே அறைக்குள் கர்ப்பமாக இருப்பவர், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர் போகக் கூடாது. வேறு ஒருவர் பிடிக்கட்டும், ஈயக் கவசம் கேட்டு வாங்கி அணியட்டும். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு மிகக் குறைவு, இயற்கையில் சில நாட்களில் நம் மீது படும் அளவுதான். பயந்து தவிர்க்க வேண்டியதில்லை.

ஊசி குத்தும் அந்த இரண்டு நிமிடம்

குழந்தையைப் படுக்க வைத்து அமுக்குவதே பயத்தை இரட்டிப்பாக்குகிறது. உங்கள் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக, கால்கள் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் வரும்படி உட்கார வையுங்கள். ஒரு கையை வெளியே நீட்டவிட்டு, மறு கையை உங்கள் அக்குளுக்குள் அணைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய கையை உதவியாளர் பிடிப்பார். "மடியில் வைத்தே எடுத்துவிடுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டால் அனுபவமுள்ளவர்கள் மறுப்பதில்லை.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் குத்துவதற்கு முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, குத்தும்போதும் கொடுத்துக்கொண்டே இருப்பது மிக நல்ல வலி நிவாரணி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவமனையில் நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் தருவதும் உண்டு. அதற்குப் பதிலாகத் தேன் தொட்டு வைக்க வேண்டாம். ஒரு வயது வரை தேனே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைக் குடலில் உண்டாக்கலாம். பெரிய பிள்ளைக்கு ஊதுவது நன்றாக வேலை செய்கிறது: "மெழுகுவர்த்தியை அணைப்பது போல மெதுவாக ஊது" என்று சொல்லிக் கூடவே ஊதுங்கள். "அழாதே, ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்று சொல்லாதீர்கள். கையை அசைக்காமல் இருந்தால் போதும், அழுவதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு.

எல்லாப் பரிசோதனைக்கும் சேர்த்து ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை குழாய், எவ்வளவு ரத்தம் என்று முன்பே கேட்கலாம். நான்கைந்து மில்லி போகிறதே என்று கலங்க வேண்டாம். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 75 முதல் 80 மில்லி ரத்தம் குழந்தையின் உடலில் இருக்கிறது, பத்துக் கிலோ குழந்தைக்கு 750 மில்லிக்குக் குறையாது. இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்றால், பணிவாக, ஆனால் உறுதியாக வேறொருவரை அழைக்கச் சொல்லுங்கள். சற்று நேரம் நடக்கவிட்டு, கையை வெதுவெதுப்பாக வைத்து, தண்ணீர் தடையில்லையென்றால் குடிக்க வைத்த பிறகு முயன்றால் எளிதாகக் கிடைக்கும்.

குழாயில் பெயர் ஒட்டுவதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். உடன்பிறந்தவர்களுக்கு இனிஷியல் ஒன்றே, பெயரும் பல வீடுகளில் ஒரே எழுத்தில் தொடங்கும், முகவரியும் கைபேசி எண்ணும் ஒன்றே. அண்ணன் ரத்தம் தங்கை பெயரில் போவதற்கு இதைவிட வசதியான சூழ்நிலை கிடையாது. பெயரோடு வயதையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

குத்திய இடத்தில் பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். முழங்கையை மடக்குவதும் தேய்ப்பதும் கன்றிப்போகச் செய்யும். மாண்டூ போட்ட இடத்தை மட்டும் அழுத்தவோ, தேய்க்கவோ, பிளாஸ்திரி ஒட்டவோ கூடாது. குளிப்பாட்டலாம்.

காத்திருக்கும்போது கவனிக்க வேண்டியது

உடம்பு சரியில்லாத குழந்தையோடு வரிசையில் நிற்கிறீர்கள் என்றால், வரிசையை விட்டு நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் சில: மூச்சு வாங்கி விலா உள்ளே இழுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காத அசதி, வலிப்பு, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கைகால் சில்லிட்டுப் போவது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் குறைந்த பிறகுதான் ஆபத்தான கட்டம் வருவதுண்டு. உடம்பு குளிர்ந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

இரவு கைபேசியில் ரிப்போர்ட் வரும். தடித்த எழுத்தில் நான்கைந்து வரிகள் இருக்கும், நெஞ்சு படபடக்கும். பல லேப்கள் பெரியவர்களுக்கான இயல்பளவையே குழந்தைகளின் ரிப்போர்ட்டிலும் அச்சிடுகின்றன. எலும்பு வளரும் வயதில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி பெரியவர்களை விடக் கூடவே இருக்கும். நான்கு வயது வரை வெள்ளணுக்களில் லிம்போசைட் என்ற வகை அதிகமாக இருப்பது இயல்பு. ரத்தம் எடுக்கச் சிரமப்பட்டு மாதிரி சிதைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். மகளின் ஹீமோகுளோபின் 11.2 என்று இருந்தால் ரிப்போர்ட் 'குறைவு' என்று அடையாளம் இடலாம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வரையறைப்படி இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள் 11-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, இரண்டு வயதுக்குக் கீழே 10.5. ஆனால் உண்மையான ரத்தசோகை நம் நாட்டில் அரிதல்ல: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அதனால் எண்ணைப் பார்த்து அலட்சியமும் வேண்டாம், இரவெல்லாம் இணையத்தில் தேடவும் வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரே படிக்கட்டும்.

மாண்டூவுக்கு மறுபடி நேரில்தான் போக வேண்டும். அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. விரலால் தடவிப் பார்த்து அளவுகோலால் மில்லிமீட்டரில் குறிப்பார்கள். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் தடிப்பு தெரியாது. தடிப்பே இல்லாவிட்டாலும் போய் 'பூஜ்ஜியம்' என்று எழுதி வாங்கி, மகளின் உறையில் மற்ற ரிப்போர்ட்டுகளோடு தேதி வரிசையில் வைத்துவிடுங்கள்.